சட்டைப்பை வலப்பக்கம்

புதுவயல் முக்கில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில்
வயிரவனின் சட்டைப்பை
வலப்பக்கம் இருந்தது.

எழுபத்தைந்தில் எடுத்த படம்.
மாரோடு அணைத்த கிடார், தந்தியில் இடது கை.
டிசைன் போட்ட பையனுக்கு உறுத்தியிருக்கும்,
ஒரே சொடுக்கில் திருப்பிவிட்டான்.
அப்பச்சி அடித்தும்
வாத்தியார் விரலைச் சேர்த்துக் கட்டியும்
திருந்தாத கை
செத்த மறுநாள் திருந்திவிட்டது.

கீழே, இசைப்பிரியர் என்று ஒரு வார்த்தை.
கருவாட்டுக் கடைக்காரரைக்
கருவாட்டுப் பிரியர் என்போமா?

நான் மைக்செட்காரன்.
கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்
எதற்கும் குழாய் கட்டுவேன்.
வயரைப் பற்றி, அப்படித்தான் கூப்பிடுவோம்,
சொல்வதற்கு மிச்சம் இருப்பது நான்தான் போல.
டிரம்ஸ் அடித்த ஸ்தனிஸ்லாஸ் மஸ்கட்டில் போய்ச் சேர்ந்தான்.
பேஸ் வாசித்த சாத்தப்பனுக்கு
இப்போது பேரன் பேரே ஞாபகமில்லை.

குழுவுக்குப் பத்தாங்கோயில் என்று பெயர்.
ஒன்பது கோயில்காரர்கள் ஊரில்
வேறு பெயரா கிடைக்கவில்லை என்று
பங்காளிகள் ஒரு வருஷம் முகங்கொடுத்துப் பேசவில்லை.
ஒரே ஒரு ரெக்கார்டு.
கல்கத்தாவில் அச்சடித்து முந்நூறு வந்தது,
இருநூற்றிச் சொச்சம் அவன் வீட்டுப் பரணில் வளைந்தது.
முன்பக்கம் 'முட்டைவெள்ளைச் சுவர்'.
திருப்பிப் போட்டால் வார்த்தையே கிடையாது,
நாலு நிமிஷமும் கிடார் மட்டும்.
பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த கிடார்
திரும்பிப் போகிறேன் என்று அடம்பிடிக்கிற மாதிரி.

கானாடுகாத்தானில் அவன் தங்கை கல்யாணம்.
இரண்டாங்கட்டில் மேடை,
சுற்றிலும் பரப்பி வைத்த சீர்ச் சாமான்.
வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடேறி
மஞ்சளாய்க் கண் விழித்தது.
மூன்றாவது பாட்டில் ஒரு சுரத்தைப் பிடித்தான்,
பிடித்தவன் விடவில்லை.
பர்மாத் தேக்குத் தூண்கள் முனகத் தொடங்கின.
எவர்சில்வர் தூக்குகள், பித்தளை அண்டா,
ஆறு டஜன் கரண்டி,
எல்லாம் பல் கடித்தன.
சாமி வீட்டு விளக்கு அணைந்தால்
யார் பதில் சொல்வது என்றார் பெரிய செட்டியார்.
என் உள்ளங்கையில் பதினைந்து ரூபாய் வைத்தார்.

ப்யூஸைப் பிடுங்கினேன்.

கிடார் மட்டும் இருட்டில்
ஒற்றைக் கொசு மாதிரி
இன்னும் கொஞ்ச நேரம் இரைந்தது.
வந்து தோளைத் தொட்டான்.
"கரண்டு போயிருச்சு வயர்."
"எப்ப வரும்?"
"பரமக்குடியிலேர்ந்து வரணும்" என்றேன்,
வாயில் வந்ததை.

அதற்கப்புறம் அவன் மேடை ஏறவில்லை.
ஈப்போவில் கடை பார்த்தான்.
பெண்சாதி போய்ச் சேர,
கோயில் கணக்கில் அரைப்புள்ளியாகத் திரும்பி வந்தான்.
அரைப்புள்ளி போட்டால்
வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.
ஏழாம் வகுப்பில் படித்தது.
அவனிடம் சொல்லியிருக்கலாம்.

போன தையில் டீக்கடை பெஞ்சில்
பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
சர்க்கரை இல்லாத டீ.
இடது கையால் ஆற்றிக்கொண்டே,
மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னான்:
"அன்னைக்கி எதுத்த வீட்ல
லைட்டு எரிஞ்சுச்சுடா."

என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப்
போய்விட்டான்.

நேற்று துக்கம் கேட்கப் போனேன்.
வாசலில் ஷாமியானா,
உள்ளே பாதிப் பேர் அடுத்த பஸ்ஸின் நேரம் பார்த்தார்கள்.
தங்கை மகன் எழுந்து வந்தான், நல்ல பிள்ளை.
கருமாதிக்குக் காலையிலிருந்து
பக்திப் பாட்டுப் போட வேண்டும்,
மாமாவுக்குப் பாட்டு என்றால் உயிராமே,
ஒருநாள் வாடகை எவ்வளவு என்று கேட்டான்.

பதினைந்து ரூபாய் என்றேன்.

எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து
இன்னும் சத்தமாய்
மறுபடி கேட்டான்.