தகரமும் நகரமும்

சென்கிளேயர் வளைவில் விமலதாச பிரேக் அடித்தான்.
முன்னால் ஒரு மாடு. மாட்டுக்கு ஒன்றுமில்லை.
நான் மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருந்தேன்,
கம்பி வாய்க்குள் வந்து போனது.
மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு
யாரோ ஒருத்தியின் மரக்கறிப் பைக்குள் விழுந்து
லீக்ஸோடு இறங்கிப் போயின.

அன்றிலிருந்து என் வாயில்
தகரமும் இல்லை, நகரமும் இல்லை.
என் பாதையைப் பாருங்கள்:
தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா.
கொட்டகலை மட்டும்தான் என் பக்கம்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிதிபலகையில் தொங்கியபடி
"அலவாக்கலை, ஆனுஓயா" என்று
எனக்காகக் கூவினார்கள்.
பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம் என்றால்
அதற்கும் பல் வேண்டுமே.

கழற்றி மாட்டுகிற செட் ஒன்று இருந்தது கொஞ்ச நாள்.
ரதெல்ல இறக்கத்தில் உரக்கக் கூப்பிட்டேன்,
எனக்கு முன்னால் அது இறங்கிவிட்டது.

கூரைக்கென்று பிடித்த சீட்டுக்காசை
யோகமலர் மேசையில் வைத்தாள்.
"லயத்துக் கூரைய எவன் ஏறிப் பாக்கப் போறான்?
ஒன் வாயத்தான் பஸ்ஸே பாக்குது."
ஆக, வீட்டுக்குத் தகரம் வாங்கவில்லை.
வாய்க்கு வாங்கினோம்.

கண்டியில் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
என் தாடை, பனிமூட்டத்தில் ஒரு மலை.
மரத்துப்போன உதட்டுக்கு மேலே
பக்கத்து வீட்டுச் சுவரில் துளை போடுகிற சத்தம்.
வலிக்கவில்லை.
அந்த வீடு நான்தான் என்று நினைத்தபோதுதான்
கால் நடுங்கியது.
டைட்டேனியம் திருகாணி இரண்டு.
"எலும்பு பிடிக்க நாலு மாசம். அவசரப்படாதீங்க."

நாலு மாசமும் மழை.
ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறப்போட்டுத் தின்றேன்.
பேசின் மூன்று, வாளி ஒன்று,
ஒழுகுகிற சத்தத்தில்
நாக்கால் அந்த இடத்தைத் துழாவிக்கொண்டு படுத்திருந்தேன்.
நாலு தலைமுறையாய் இங்கே கிடக்கிறோம்,
ஏழு பேர்ச்சுக்குக் கடதாசி இன்னும் வந்தபாடில்லை.
இது வந்து அறுபது நாள்,
அதற்குள் எலும்பு இடம் கொடுத்துவிட்டதாம்.
பொறாமையாகக்கூட இருந்தது.

வைகாசியில் பல் ஏறியது.
பக்கத்துப் பற்களைவிட வெள்ளை,
வெற்றிலை அறியாதது.
திங்கட்கிழமை விடிய, ஹட்டன் ஸ்டாண்டில்,
கழுத்து நரம்பு புடைக்க:
"தலவாக்கலை! நானுஓயா! நுவரெலியா!"

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.
குடையை உதறிக்கொண்டு ஏறியவர்
"சீட் இருக்கா?" என்றார்.
"தாராளமா இருக்கு" என்றேன்.
ஒரு இடம்கூட இல்லை.