பதினான்கு பேர், ஒரே எண்

இரவு எட்டுக்கு மேல்
அழைப்புக் கூடத்தில் குளிர்சாதனம் மட்டும் பேசும்.
ரொஹானா தொண்டை கட்டி
வெந்நீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருக்கிறாள்.
என் திரையில் சிவப்பாய் ஒரு புள்ளி:
பினாங்கு, ஜெலுத்தோங் பசார், பின்வாசல்,
வியாழன் காலை ஆறு நாற்பது.

அந்த அரைமணிக்குள் நுழைந்தவர்களைச்
செயலி சலித்துத் தருகிறது.
மீன் வாங்கியவர், மூட்டை இறக்கியவர்,
எதுவும் வாங்காமல் குறுக்கு வழியாய்ப் போனவர்.
அரிசியில் கல் பொறுக்குவதுபோல் எளிது என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
கல்லுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பதைச்
சொல்லவில்லை.

பட்டியலின் அடியில்
ஒரு நோட்டுப் புத்தகத்தின் படம்.
போன் இல்லாதவர்களுக்கான நோட்டு.
கரீம், இன்னொரு கரீம், ஆ லெங்,
கீரைக்காரம்மா, நீலச் சட்டை...
பதினான்கு வரி.
எல்லாருக்கும் எதிரே ஒரே எண்.

கணினி அவர்களை ஒரே ஆளாக மடித்து வைத்திருந்தது:
பதினான்கு முறை உள்ளே போய்
ஒரு தடவைகூட வெளியே வராத ஆள்.

ஏமாற்று என்று நினைத்தேன்.
கோபத்தில்தான் அழைத்தேன்.
"சன்னாசி பேசறேன். பசார் ஜாகா.

அது நம்ம நம்பருதான், மிஸ்ஸி.
போன் இல்லாதவன் வாசல்ல நின்னா
உள்ள விடக்கூடாதுன்னு சட்டம்.
விடலைன்னா அன்னைக்கு அவனுக்குக் கூலி இல்ல.
என் நம்பரப் போட்டுட்டேன்.
என்னைக் கூப்பிட்டா நான் சொல்லிட மாட்டேனா?"

நடைமுறைக் கையேட்டைப் புரட்டினேன்.
இப்படி ஒரு மனிதருக்கு அதில் பக்கம் இல்லை.

"பேனா இருக்கா? எழுதிக்குங்க.
மொத கரீம் ஐஸ் உடைக்கிறவன்.
ரெண்டாவது கரீம் அவனோட ரூம்லதான்,
ஒன்பது பேர், ஒரு கக்கூஸ்.
கீரைக்காரம்மாவுக்கு நேத்திலேர்ந்து வாசம் தெரியல,
மல்லிய மோந்து பார்த்துட்டு அழுதுச்சு.
நீலச் சட்டைக்கு பெர்மிட் இல்ல.
அதனால பேர நான் கேக்கல.
நீங்களும் கேக்காதீங்க.
டெஸ்ட் மட்டும் எடுத்துடுங்க."

விசைப்பலகையில் விரல்கள் நின்றன.
பெயர்க் கட்டத்தை நிரப்பாமல்
அடுத்த கட்டத்துக்கு விடாது இந்தச் செயலி.

நீலச் சட்டை என்று தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.

மணி பத்தாகிவிட்டது.
"உங்களுக்கு எப்படி இருக்கு, அண்ணே?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.
பிறகு, தூரத்திலிருந்து கேட்டது இருமல்.
போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாராம்,
எனக்கு ஒட்டிவிடக் கூடாதென்று.