வெறும் வண்டி

சிலிம் ரிவர் என்று ஊர்ப் பெயர்.
எண்பத்து நான்கு கிலோவோடு அதைச் சொன்னபோது
கிளினிக் நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
"சர்க்கரை எட்டுப் புள்ளி ஒன்பது. நடங்க."
எங்கே நடப்பது?
ஏழு மணிக்கு மேல் செம்பனைக்குள்
பன்றிதான் நடக்கும்.

ஆகவே ஒன்பது மணிக்கு
சோயா சாஸ் போத்தலில் போனைச் சாய்த்து வைக்கிறேன்.
நானூறு கிலோமீட்டருக்கும் தெற்கே, மாசாயில்,
நாலாம் மாடி பிளாட்டில்
ரஞ்சிதமலர் தன் போனை எதில் சாய்க்கிறாளோ,
முதலில் தெரிவது அவள் முகவாய்,
பிறகு காற்றாடி,
பிறகு தூக்கம் கெட்ட முழு ரஞ்சி.

"சத்து" என்பாள்.
டுவா, தீகா, அம்பாட்.
பள்ளித் திடலில் பழகிய எண்ணிக்கை.
பதினைந்துக்கு மேல் மூச்சு வாங்கும்போது
இரண்டு பேருக்கும் தமிழ் வந்துவிடும்.
பதினேழை அவள் எப்போதும் இரண்டு முறை சொல்வாள்.
ஏமாற்றுகிறவள் ஒன்றைத் தாண்டியல்லவா போக வேண்டும்?
நான் திருத்தியதில்லை.

குதிக்கிறது மட்டும் கிடையாது.
அவள் கீழ்வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது.

பகலில் ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
பழக்குலை லோரி ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறும் வண்டி ஏறும், எழுதுவேன்.
அதிலிருந்து இதைக் கழித்தால் சரக்கு.
பதினோரு டன், பன்னிரண்டு டன் என்று
நாள் முழுக்கத் தூக்காமலே தூக்கிவிட்டு வந்தால்
ராத்திரி அதே எண்ணெய்
கைக்கு ஒரு கிலோ பாக்கெட்டாக வந்து
தோளைப் பிய்க்கிறது.
"மெதுவா. பாக்கெட் ஒடைஞ்சா
வழுக்கி விழுந்து இன்னும் சீக்கிரமா எளைப்ப"
என்பாள் ரஞ்சி.

அவளுக்குச் சர்க்கரை இல்லை. கூடுதல் எடையும் இல்லை.
துணைக்கு என்றுதான் சொன்னாள்.
யாருக்குத் துணை என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மழை பிடித்தால் லைன் உறைந்துவிடும்.
அன்று பிளாங்க்.
முழங்கை ஊன்றி உடம்பைப் பலகையாக்கி
அவள் அப்படியே நின்றுவிட்டாள் திரையில்.
அவள் இறங்காமல் நான் எப்படி இறங்க?
முப்பது. நாற்பது. கை நடுங்குகிறது.
அறுபது. சிமெண்டில் வேர்வை சொட்டுகிறது.
அந்த அசையாத படத்தில்தான் பார்த்தேன்,
அவளுக்குப் பின்னால், சுவரில்,
திலகனின் ஹெல்மட் தொங்கும் ஆணி.
ஆணி மட்டும்.
எத்தனை நாளாக என்று தெரியவில்லை.
நிமிரும்போதும் குனியும்போதும்
அவளே அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தொண்ணூற்றிரண்டில் படம் அசைந்தது.
ரஞ்சி சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
"நான் எப்பவோ படுத்துட்டேன்லா.
நீ என்னா இன்னும் தொங்கிக்கிட்டு இருக்க?"
சிரித்தோம். எனக்கு விலா வலித்தது.
ஆணியைப் பற்றிக் கேட்கவில்லை.
"குந்தி எழும்புறது எத்தன போடலாம்?" என்றேன்.
கொஞ்ச நேரம் காற்றாடியைப் பார்த்தாள்.
"நூறு."

எங்கள் கணக்கு இருபதுதான்.
நூறு போட்டோம்.
அறுபதுக்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை,
நான்தான் எண்ணினேன்.
எழுபத்தேழை இரண்டு முறை சொன்னேன்.

மறுநாள், லோரி வராத மத்தியானத்தில்
எடைமேடையில் நானே ஏறி நின்றேன்.
எண்பது என்றது.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது.
எண்பத்து நான்கும் எண்பது,
எண்பத்தொன்றும் எண்பது.
படம் எடுத்து ரஞ்சிக்கு அனுப்பினேன்:
"சரக்கோடயா, வெறும் வண்டியா,
இன்னும் எழுதல."

பதில் வர வெகு நேரம்.
நாலு லோரி போய்விட்டது.
"எறங்கு மொதல்ல, மேட ஒடைஞ்சிரும்."
கீழே, தனியாக:
"ஒம்போதுக்கு வந்துருவல்ல?"