அளவு நோட்டு

வாலிநோக்கம் உப்பளத்தில் எனக்கு வேலை
எடைமேடைச் சீட்டு எழுதுவது.
லாரி வெறுமையாய் ஏறும், நிறைந்து ஏறும்,
நடுவில் உள்ள வித்தியாசம்தான் உப்பு.
நேற்று வாரிய உப்பென்றால்
ஈரத்துக்கு நூற்றுக்கு நாலு கழிப்போம்.
பதினெட்டு வருஷமாய்க் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

போன செவ்வாய் மத்தியானம்
கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் போனில் வந்தாள்.
அங்கேயே தங்கிவிட்ட தேவிப்பட்டினத்துக் குடும்பமாம்,
தமிழ் கொஞ்சம் கல்லும் மண்ணுமாய்.
அந்த மூன்று அதிகாரிகளுக்கும்
அரசாங்கம் தபால்தலை போடுகிறது என்றாள்.
உதுமான் நெய்னா உங்கள் அத்தாதானே,
அவர்களுக்குச் சீருடை தைத்தவர்?
எதற்காகச் செய்தார்கள் என்று
ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

சொன்னதில்லை.
அத்தா வாயில் எப்போதும் குண்டூசி.
நோட்டு இருக்கிறது.
கப்பலில் அவர் கொண்டுவந்தது இரண்டே பொருள்,
கத்திரியைச் சுங்கத்தில் பிடுங்கிக்கொண்டார்கள்.

கர்னல். மார்பு நாற்பத்திரண்டு.
இடது தோள் அரை அங்குலம் தாழ்வு.
மூன்று வருஷத்தில் மூன்று கோட்டு,
மூன்றிலும் 'இன்னொரு நட்சத்திரத்துக்கு இடம் விடவும்.'
மூன்றுக்கும் சில மாதம் தள்ளி
'இடத்தை மூடித் தைத்தது. கூலி வாங்கவில்லை.'

மேஜர். கறுப்புத் துணி ஒரு முழம், கைப்பட்டிக்கு.
யாருக்கென்று எழுதவில்லை.
தேதி, கல்லூரி வாசலில் சுட்ட வாரம்.
அவர் தம்பி அங்கே படித்தான் என்றாள் அந்தப் பெண்.
சுடச் சொன்னதும் மேஜர்தான் என்றாள்.
முதலாவதை உரக்க,
இரண்டாவதை, பக்கத்தில் யாரோ நிற்பதுபோல.

கேப்டன், இருபத்தாறு வயசு.
ஏழு மாதப் பாக்கி,
சட்டைக்கு, பித்தானுக்கு, ஒரு பட்டுக் கைக்குட்டைக்கு.
கடைசியில் 'முழுசும் தீர்ந்தது.'
அன்று வியாழன்.
சர்வாதிகாரி கொடுத்த விருந்து வெள்ளி.

அதே வாரம், மூன்று பேர் பெயரிலும் ஒரே வேலை:
'உள்பை. இடப்புறம். எட்டங்குல ஆழம்.
கான்வாஸ் வைத்து இரட்டைத் தையல்.'
எந்த மணிபர்ஸும் எட்டங்குலம் இல்லை.
அத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.

பை கிழியவில்லை.
அந்த ஆளுக்கு அன்று இருமல்,
சோறு வருமுன்னே எழுந்து போய்விட்டான்.
மிச்சத்தை அந்தப் பெண் சொல்ல வேண்டியதில்லை.

எழுபது வீடு எரித்த கிராமத்துக்குக்
கூடவே போனவர்கள் மூவரும்.
அப்போது யார் தோளும் தாழவில்லை,
வடக்கே சண்டை ஜெயித்துக்கொண்டிருந்தது.
தோற்கத் தொடங்கிய பிறகுதான்
மனசாட்சிக்குத் துணி எடுக்க வந்தார்கள்
என்று எழுதிவிடலாம்.
எழுதினால் பொய்யில்லை.
ஆனால் எத்தனையோ பேருக்கு நட்சத்திரம் கிடைக்கவில்லை,
எத்தனையோ பேருக்குத் தம்பி செத்தான்,
அவர்கள் வெள்ளிக்கிழமை விருந்துக்குப் போய்
ஆட்டிறைச்சி தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

பொறாமைக்கு எவ்வளவு கழிப்பது?
கைக்கறைக்கு எவ்வளவு?
ஈர உப்பும் கரிக்கத்தான் செய்கிறது.

எனக்குப் பிடிபடாதது வேறு.
எங்கள் கடைக்குச் சீல் வைத்த தாளில்
கையெழுத்து, அதே கர்னல்.
முன் கதவில் அது ஒட்டியிருக்க,
பின்கட்டில் உட்கார்ந்து
அவருக்கே உள்பை தைத்திருக்கிறார் அத்தா.
அந்த மூன்று வரிக்கும் நேரே
கூலிக் கட்டம் காலி.
பயமா, பிரியமா,
வாங்க ஆள் இருந்தாலும்
கொடுக்க ஆள் இருக்காது என்ற கணக்கா?

புத்தகத்தில் போட ஒரு வரி சொல்லுங்கள் என்றாள்.
வரி வரவில்லை,
பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.
வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான்.
அனுப்பிய பிறகு பார்த்தால்
கூலிக் கட்டத்தின் மேல் என் கட்டைவிரல்.

மறுபடி எடுக்கவில்லை.