விலகும் வழி

ஏப்ரல் முழுக்க எங்களுக்குள் இதே வழக்கு:
எதை நம்பிக் காரை ஓட்டுவது?

லோவெல் லேப்டாப் கட்சி.
காரின் கூரையில் காந்தத்தால் கவ்விக்கொள்ளும்
ஒரு கறுப்பு வில்லை,
ஜன்னல் இடுக்கில் நுழைந்து வரும் வயர்,
ரேடாரின் சிவப்புக்குப் பக்கத்தில்
ஒரு நீலப் புள்ளியாய் நாங்கள்.
"மேகமும் நாமும் ஒரே படத்தில் இருக்க வேண்டும், மார்லிஸ்.
இல்லாவிட்டால் எதற்கு?"

நான் டேஷ்போர்டுப் பெட்டியின் கட்சி.
உள்ளங்கை அகலம். வரைபடம் அதன் வயிற்றுக்குள்ளேயே.
டவர் செத்தாலும் அது சாகாது.
ஆனால் மூன்று வருடப் பழைய படம்.
போன வசந்தத்தில்
பாலம் அடித்துப்போன ஓடைக்கு முன்னால் நின்றபோது
"நேராகச் செல்லவும்" என்றது,
அத்தனை இனிமையாக.

போனே போதுமே என்றான் சலைனாவில் கடைக்காரன்.
அன்று மட்டும் நாங்கள் கூட்டணி வைத்தோம்.
சலைனாவில் போதும்தான்.
மேற்கே நாற்பது மைல் போனால்
போன் என்பது மணி காட்டும் கண்ணாடித் துண்டு.

பின்சீட்டில் காபிக் கறையோடு அட்லஸ்,
டெபாசிட் இழந்த வேட்பாளர்.

கான்சாஸில் சாலைகள் மைலுக்கு ஒன்று,
கணக்கு நோட்டின் கட்டங்கள் மாதிரி.
திரையில் எல்லாமே ஒரே சாம்பல் கோடு.
தார் எது, சரளை எது,
நாலு தூறலில் சக்கரத்தை விழுங்கும் மண் எது?
சொல்லாது.
எல்லா இயந்திரமும் கேட்பது ஒன்றுதான்:
எங்கே போக வேண்டும்?
எங்களுக்குத் தேவை அதன் மறுபாதி:
எங்கே இருக்கக் கூடாது?
வேகமான வழி, குறுகிய வழி, சுங்கம் இல்லாத வழி.
விலகும் வழிக்குப் பொத்தான் இல்லை.

அதனால் வலக்கை ஸ்டியரிங்கில் இருக்க
மனசின் ஒரு விரல் எப்போதும்
தெற்கே ஏதாவது ஒரு தார்ச்சாலைமேல்,
இருட்டில் சுவிட்சைத் தொட்டபடி நிற்பதுபோல்.

மே இருபத்து மூன்று. ஆறு பத்து.
ரேடார் படம் உறைந்துபோய்ச் சில நிமிடங்கள்.
திரையில் சிவப்பு நின்ற இடத்திலேயே நின்றது.
ஜன்னலில் அது நிற்கவில்லை.
லோவெல் ஒன்றும் பேசாமல் லேப்டாப்பை மூடினான்.
எலுமிச்சை அளவில் ஆலங்கட்டி.
கூரை வில்லை தெறித்துப் போன சத்தம்
தனியாகக் கேட்டது.
தெற்கு. நான்கு மைல். தார்.

கறுப்பு கிழக்கே கடந்த பிறகு
சந்தியில் ஒருவர் இரு கைகளையும் வீசினார்.
எமெட் ஷ்ராக். லாரிமேல் மரம்.
"என் தங்கை. போன் போகவில்லை.
தானியக் கோபுரம் பார்த்துத் திரும்புவேன்.
கோபுரம் எங்கே?"
சாலைப் பலகைகள் ஒன்றுகூட இல்லை.
விலாசத்தை இரண்டு முறை சொன்னார்,
முதல் முறை எண்ணைத் தப்பாக.

கோபுரம் விழுந்தது என் பெட்டிக்குத் தெரியாது.
அதனால்தான் அதற்கு வழி தெரிந்தது.

வேலிக்கம்பிகளை விலக்கி விலக்கி ஒன்றரை மைல்.
"இலக்கை அடைந்துவிட்டீர்கள். இடப்பக்கம்."

இடப்பக்கம் ஒரு சிமென்ட் தளம்.
எங்கும் ஏறாத மூன்று படிகள்.
முறிந்த குழாயிலிருந்து
முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர்.
எமெட் காரைவிட்டு இறங்கவில்லை.
அடைந்துவிட்டீர்கள், என்றது மறுபடியும்.
லோவெல் அதன் வயரைப் பிடுங்கினான்.

அப்போதுதான் கேட்டது தட்டும் சத்தம்.
புல்லோடு சாய்ந்திருந்த நிலவறைக் கதவு,
அதன்மேல் குப்புறக் கிடந்தது யாருடையதோ ஃப்ரிட்ஜ்.
மூன்று பேரும் சேர்ந்து புரட்டினோம்.
ஒரு காலில் மட்டும் செருப்போடு மேலே வந்தாள் ஆர்டித்.
சுற்றிலும் பார்த்தாள். நிதானமாக.
பிறகு அண்ணனிடம்:
"இந்த இடம்தான் என்று எப்படித் தெரிந்தது?"

இரவு மோட்டலில்
லோவெல் புது வில்லைக்கு விலை பார்த்தான்.
நான் என் பெட்டியை மின்சாரத்தில் செருகினேன்.
புதுப்பிக்கவா, என்று கேட்டது.
பிறகு, என்று அழுத்தினேன்.