விட்ட வேளை

பலதுறை மருந்தக முகப்பில்
மாத்திரைகளை பிரெஞ்சில் எண்ணுகிறேன்,
உதட்டுக்குள்.
செத், கத்தோர்ஸ், வேந்த்-உயித்.
தொண்ணூறு வந்தால் தடுக்கும்.
நாலு இருபது, மேலே ஒரு பத்தாம்.
இதென்ன கணக்கு என்று சிரித்தேன்.
பிறகு நம் தொண்ணூறைப் பார்த்தேன்:
நூறை எட்டுமுன்பே
நூறென்று சொல்லிக்கொள்கிறது.

நாற்பத்தாறு வயதில் எதற்கு என்கிறாள் ஹஸ்லினா.
பாரிசுக்கா? இல்லை.
அங்கே யாராவது? இல்லை.
அட்மிரல்ட்டியிலிருந்து ஈசூன் வரை
மூன்று நிறுத்தம், ஒரு பக்கம்.
கதவு திறக்கையில்
ஏதாவதொரு வினைச்சொல் பாதியில் நிற்கும்.
மேசை பெண்ணாம். ரொட்டி ஆணாம்.
அஃறிணையில் நிம்மதியாகக் கிடந்த சாமான்களெல்லாம்
வீட்டுக்குள் நுழைந்தால்
நிமிர்ந்து பார்க்கின்றன.

மார்ச்சில் மகனுக்கு டெங்கி.
பதினெட்டு நாள் புத்தகம் பைக்குள்ளேயே
குடையின் ஈரத்தில் உப்பிக் கிடந்தது.
பத்தொன்பதாம் நாள்,
முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதா
பதினெட்டையும் ஒரே இரவில் விழுங்குவதா என்று
குழம்பிக்கொண்டிருந்தபோது
முகப்பில் மேடம் டியோ.
நாலு நாளாக இரத்த அழுத்த மாத்திரை போடவில்லை,
சேர்த்துப் போடட்டுமா?

வேலைக்காகக் கற்ற அரைகுறை மாண்டரினில் சொன்னேன்:
வேண்டாம் மேடம்.
விட்டது விட்டதுதான்.
அடுத்த வேளையிலிருந்து போடுங்கள்.

சொல்லிவிட்டு
அவர் மருந்துப் பையை நீட்டாமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

கான்பெரா தாண்டியதும் எடுத்தேன்.
எழுபத்து மூன்றாம் பக்கம்
காய்ந்து மொடமொடத்தது.
உட்கார இடமில்லை.
கம்பியில் ஒரு கை.