நாற்பத்திரண்டும் முப்பத்தெட்டும்

அட்டைப்பெட்டியின் மேல் ஒரு மலை, உச்சியில் பனி,
அடியில் நீலமாக ஓர் ஏரி.
கரையோரம் கைகோத்துப் போகிறார்கள்
ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும்.
உள்ளே இருப்பது ஆம்பூரில் தைத்த பூட்ஸ்.

இரண்டு தையல் தப்பிய ஜோடிகள் என்று
சிவப்புப் புள்ளி வைத்து ஒதுக்கியவர் இவர்.
ஆயுத பூஜைக்கு முந்தின வாரம்
கழிவு விலைக்கு வாங்கி வந்தவரும் இவரே.
இவருக்கு நாற்பத்திரண்டு, எனக்கு முப்பத்தெட்டு.

பத்தொன்பது வருஷமா அந்த மலைக்கு அனுப்புறோம்,
ஒரு தடவை நடந்துதான் பார்ப்போமே என்றார் முனிரத்தினம்.
எந்த மலைக்கு என்றேன்.
வாணியம்பாடி தாண்டினா ரயில் ஜன்னல்ல தெரியுமே,
அதுக்குத்தான்.

லீவு கிடைக்க மாசி ஆகிவிட்டது.
பொன்னேரியில் பஸ் நின்றிருந்தது. ஏறவில்லை.
டிரைவர் தலையை வெளியே நீட்டி,
"இன்னாத்துக்கு நட்ந்து போறீங்க,
சீட்டு காலியாத்தானே கீது?"
எங்களுக்கும் தெரியவில்லை இன்னாத்துக்கு என்று.

மூன்றாம் வளைவில் இவருக்கு மூச்சு வாங்கியது.
ஐந்தாம் வளைவில் எனக்கு.
ஏழாவதில் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து
ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்,
சண்டை போட்டவர்கள் மாதிரி.
ஒரு குரங்கு மட்டும் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.

கல்யாணமான நாளிலிருந்து
டிவிஎஸ் ஐம்பதின் பின்சீட்டு என்னுடையது.
இவர் பிடரி எனக்கு மனப்பாடம்.
மச்சம், சட்டைக் காலரின் அழுக்குக் கோடு,
முதல் நரை வந்த இடம்.
பக்கத்தில் நடக்கும்போதுதான் பார்த்தேன்,
யோசனை வந்தால் கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடிக்கிறார்.

புங்கனூர் ஏரிக்கரையில் பெடல் படகுகள், மீன் வறுவல், கூட்டம்.
ஒரு நிமிஷம் முழுக்க ஏரியைப் பார்த்தார்,
பெல்ட்டில் நகர்ந்து வரும் ஷூவைப் பார்ப்பதுபோல.
"படியில மூணு எடத்துல வெடிப்பு.
ஓரத்துல பாசி. தண்ணி ஒரு முழம் கம்மி."
அப்ப திருப்பி அனுப்பிடலாமா என்றேன்.
சிரிப்பில் புரையேறி
கையிலிருந்த சோளக்கதிர் ஏரிக்குள் போயிற்று.

அத்தனாவூர் லாட்ஜில் அன்று ராத்திரி
என் குதிகாலில் இரண்டு கொப்புளம்.
தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவ வந்தவர்
பாதத்தை அப்படியே பிடித்துக்கொண்டார்.
கட்டைவிரலால் அழுத்தி, பெருவிரல் முதல் குதிகால் வரை
விரற்கடையால் அளந்தார்.
"முப்பத்தெட்டு இல்ல நீ. முப்பத்தெட்டரை.
இத்தினி வருஷமா அரை சைஸ் கம்மியா போட்டுனு இருந்திருக்கியே,
சொல்லக்கூடாதா?"
கடித்தால் காலைத்தான் குறை சொல்வோம் எங்கள் வீட்டில்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
விளக்கை அணைத்த பிறகும்
வெகுநேரம் விழித்திருந்தார்.

மறுநாள் நிலாவூர் தாண்டி இறக்கம்.
விறகுக்கட்டோடு வெறுங்காலில் வந்த மலைக்காரப் பெண்
என் பூட்ஸ் ஒன்றை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.
ஒரு படி சாமை கனம் இருக்குதே என்று சொல்லி,
பாவம் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு
எங்களைக் கடந்து இறங்கிப் போனாள்.
நான் ரப்பர் செருப்புக்கு மாறினேன்.
என் பூட்ஸின் நாடாக்களை முடிச்சுப் போட்டு
இவர் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.
ஒற்றையடிப் பாதை. நீ முன்னாடி போ என்றார்.
என் பிடரியில் என்ன இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

ஜலகாம்பாறையில் அருவி இல்லை.
பாறையில் ஈரமாக ஒரு கோடு,
அதன் நுனியில் தேன்பூச்சிகள்.
குறைப்பட்டியலுக்குக் காத்திருந்தேன்.
ஈரத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்,
அவ்வளவுதான்.
திருப்பத்தூர் பஸ்ஸில் என் தோளில் தூங்கிவிட்டார், வாய் திறந்து.

திங்கட்கிழமை, ஷிப்டுக்குக் கிளம்பும் முன்
மண் தட்டி பூட்ஸைப் பெட்டிக்குள் வைத்தார்.
மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.
சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து
அந்த வெள்ளைக்காரியின் காலடியில்
ஒரு புள்ளி வைத்தார்.
"நடையப் பாரு, இவளுக்கும் கடிக்குது."